ஹூஸ்டனிலிருந்து நியூ ஆர்லியன்ஸ்: பசியோடு கிளம்புங்கள்

நான்கு நண்பர்கள் ஒரே காரில் வெள்ளிக்கிழமை காலை ஹூஸ்டனிலிருந்து கிளம்புகிறீர்கள். திங்கள் இரவுக்குள் வீடு திரும்ப வேண்டும். ஒருவர் சுத்த சைவம். ஒருவருக்குக் காரம் இல்லாமல் சோறு இறங்காது. மற்ற இருவரும் எதையும் ஒரு கை பார்ப்பார்கள். நியூ ஆர்லியன்ஸில் எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். லூசியானாவில் குடியிருப்பவன், சாப்பாட்டில் ஆசை உள்ளவன் என்ற இரண்டு தகுதிகளோடு விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. பார்க்க வேண்டிய இடங்களுக்கு ஒரு பட்டியல், சாப்பிட வேண்டிய இடங்களுக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாகப் போடாதீர்கள். இந்த ஊருக்கு யார் வந்தார்கள், யாரை விலங்கு பூட்டிக் கொண்டுவந்தார்கள், யார் துரத்தப்பட்டு வந்து ஒதுங்கினார்கள் என்ற சரித்திரம் முழுவதும் தட்டில்தான் இருக்கிறது. ஆகவே சாப்பாட்டு நேரங்களை வைத்து நாளைப் பிரித்துக்கொண்டு, இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் நடந்துபோய் எதையாவது பாருங்கள். ஒரு நாளில் ஒரே ஒரு வேளைதான் உட்கார்ந்து சாப்பிடும் பெரிய சாப்பாடு. மற்றதெல்லாம் ஒன்று வாங்கி நான்காகப் பங்கு போடுவது. இந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் சனிக்கிழமை மதியமே படுத்துவிடுவீர்கள்.

சாப்பாடு வழியிலேயே தொடங்கிவிடுகிறது. ஐ-10 நெடுஞ்சாலையில் ஏறினால் நியூ ஆர்லியன்ஸில் இறங்கும் வரை ஒரே சாலைதான், சுமார் 350 மைல். நிற்காமல் ஓட்டினால் ஐந்தரை, ஆறு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் நிற்காமல் ஓட்டுவது பெரிய பாவம். லேக் சார்ல்ஸ் ஊரில் 1952இல் திறந்த உயரமான ஆற்றுப் பாலம் ஒன்று வரும்; அதன் இரும்புக் கைப்பிடி நெடுக, குறுக்காக வைத்த இரண்டு துப்பாக்கிகளின் உருவத்தை வார்த்து வைத்திருக்கிறார்கள். கடற்கொள்ளைக்காரன் ஜான் லஃபிட்டின் ஞாபகமாம். கொள்ளைக்காரனுக்குப் பாலத்தில் மரியாதை செய்யும் மாநிலத்துக்குள் நுழைகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதைத் தாண்டி குரோலி, ரெய்ன் ஊர்ப்பக்கம் வரும்போது காரில் தஞ்சாவூர்க்காரர் யாராவது தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிவிடுங்கள். அந்தப் பகுதி முழுக்க நெல் வயல். கோடையின் பிற்பகுதியில் அறுவடை முடிந்ததும், இலையுதிர் காலத்தில் அதே வயலில் மறுபடி தண்ணீர் கட்டுகிறார்கள். மிஞ்சிய நெல் தாள் மட்கி இரையாக, அதில் கிராஃபிஷ் வளர்கிறது. சிங்கி இறாலின் நன்னீர் உறவுக்காரன், விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதல். வயல் நீருக்கு மேலே வரிசையாகத் தலை நீட்டிக்கொண்டு நிற்கும் கம்பிவலைக் கூண்டுகள் அதைப் பிடிக்கும் பொறிகள். ஒரே நிலத்தில் ஒரு போகம் அரிசி, ஒரு போகம் கறி. கிராஃபிஷ் நன்றாகக் கிடைப்பது மார்ச் முதல் மே வரை. முன்னும் பின்னும் சில வாரங்கள் தள்ளிப் போகலாம். அந்தப் பருவத்தில் போகிறீர்கள் என்றால் லஃபாயெட்டைத் தாண்டி பிரோ பிரிட்ஜ் என்ற சிற்றூரில் மதியச் சாப்பாட்டுக்கு நின்றே ஆக வேண்டும். உலகின் கிராஃபிஷ் தலைநகரம் என்று 1959இல் மாநிலச் சட்டமன்றமே அந்த ஊருக்குப் பட்டம் கட்டியது.

எடைக் கணக்கில் வாங்குவார்கள். ஆளுக்கு மூன்று பவுண்டு என்று ஆரம்பியுங்கள், பெரும்பகுதி ஓடுதான். உருளைக்கிழங்கு, மக்காச்சோளத்தோடு சிவந்த மிளகாய்த்தூள் நீரில் வேகவைத்து, தட்டில் கொட்டித் தருவார்கள். தலையை ஒரு கையிலும் வாலை ஒரு கையிலும் பிடித்துத் திருகி இழுங்கள். வாலின் அடியைக் கிள்ளினால் சதை முழுசாக வெளியே வரும். தலையை வீசிவிடாதீர்கள், அதற்குள் இருக்கும் மஞ்சள் கொழுப்பில்தான் காரமும் சாறும் ஊறியிருக்கும், உறிஞ்ச வேண்டும். கை கழுவாமல் கண்ணைத் தொட்டவர் கதை அன்றைக்கு முடிந்தது. உங்கள் காரப் பிரியருக்கு இந்தப் பயணத்தில் மனம் நிறையப்போகும் இடம் இதுதான், ஏனென்றால் நகரத்துச் சாப்பாடு அவர் நினைக்கும் அளவுக்குக் காரமாக இருக்காது. நியூ ஆர்லியன்ஸ் சமையல் என்றாலே நாக்கு எரியும் என்பது அமெரிக்கா முழுக்கப் பரவிய வதந்தி.

பருவம் இல்லையென்றால் லஃபாயெட்டுக்குச் சற்று முன்னால் ஸ்காட் என்ற ஊரில் பூடான் வாங்குங்கள். பன்றிக்கறி, ஈரல், சோறு, வெங்காயத்தாள் எல்லாம் சேர்த்துக் குடலில் அடைத்து வேகவைத்த பண்டம். பெட்ரோல் நிலையம், மளிகைக் கடை எல்லாவற்றிலும் சூடாக விற்கும். நாற்காலி தேடாதீர்கள், கார் மூடியில் சாய்ந்து நின்று, ஒரு முனையைக் கடித்து, உள்ளிருப்பதை வாய்க்குள் பிதுக்கிவிட்டு உறையைத் தூரப் போடுவதுதான் முறை. இறால், கிராஃபிஷ் வைத்த வகைகளும் உண்டு. பன்றி சாப்பிடாதவர் அதை நம்பி வாங்க வேண்டாம். உறை எப்படியும் பன்றிக் குடலாகத்தான் இருக்கும்.

இந்தப் பகுதி கேஜன் மக்களின் நாடு. இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் இருந்த பிரெஞ்சுக் குடியானவர்களை 1755இலிருந்து ஆங்கிலேயர் கப்பலேற்றித் துரத்தினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் அலைந்து திரிந்து இந்தச் சதுப்பு நிலத்தில் வந்து தங்கினார்கள். கையில் கிடைத்ததைப் பெரிய இரும்புச் சட்டியில் போட்டு நேரமெடுத்து வேகவைக்கும் கிராமத்துச் சமையல் அவர்களுடையது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்துச் சமையல் கிரியோல். பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க, கரீபியக் கைகள் சேர்ந்து வளர்த்த துறைமுகச் சமையல். கறியும் சோறும் சேர்ந்து வேகும் ஜம்பலாயாவை வைத்து எளிய அடையாளம் சொல்கிறேன்: கேஜன் ஜம்பலாயா பழுப்பு நிறத்தில் இருக்கும், கிரியோல் ஜம்பலாயா தக்காளி சேர்ந்து சிவந்திருக்கும். வெள்ளி மதியம் ஒன்றையும் சனி இரவு மற்றொன்றையும் சாப்பிட்டால் வித்தியாசம் உங்கள் நாக்குக்கே தெரியும். ஹூஸ்டனிலிருந்து விமானத்தில் போகிறவருக்கு இந்த வசதி கிடையாது.

பிரோ பிரிட்ஜைத் தாண்டியதும் அச்சாஃபலாயா சதுப்பின் மேல் 18 மைல் நீளத்துக்குப் பாலம். இரு பக்கமும் தண்ணீரில் நிற்கும் சைப்ரஸ் மரங்கள். வேகவரம்பு மணிக்கு 60 மைல்தான், கண்காணிப்பும் கடுமை. வேடிக்கை பார்க்கும் வேலையை ஓட்டாதவர்களிடம் விட்டுவிடுங்கள். அடுத்து பேட்டன் ரூஜ். மிசிசிப்பிப் பாலத்தில் ஏறி இறங்கியதும் சாலை குறுகும்; மாலை நேரத்தில் மாட்டினால் ஒரு மணி நேரம் போய்விடும். மதியம் மூன்றுக்குள் அதைக் கடந்துவிடும்படி கணக்குப் போட்டுக் கிளம்புங்கள்.

நகரத்துக்குள் நுழைந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை காரை மறப்பது. காவல் உள்ள நிறுத்தத்தில் விட்டுவிட்டு, சாவியைப் பெட்டிக்குள் போடுங்கள். காருக்குள் பை, சார்ஜர், சட்டை, எதுவும் வெளியே தெரியக் கூடாது. கண்ணாடி உடைத்துத் திருடுவது இங்கே அன்றாடச் சங்கதி. தங்குவதற்கு ஊரின் பழைய பகுதியான பிரெஞ்சுக் குவார்ட்டருக்குள் பணத்தைக் கொட்டத் தேவையில்லை. கனால் தெருவுக்கு மேற்கே அலுவலகப் பகுதியில் தங்கினால் வார இறுதியில் அமைதியாக இருக்கும், எல்லா இடத்துக்கும் நடக்கலாம், டிராம் வாசலிலேயே கிடைக்கும். இந்த ஊரில் வழி கேட்டால் கிழக்கு மேற்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மிசிசிப்பி வளைந்து வளைந்து ஓடுவதால் திசைகள் அர்த்தமற்றுப் போய்விட்டன. ஆற்றுப் பக்கம், ஏரிப் பக்கம், ஆற்றின் மேல்புறம், கீழ்ப்புறம் என்றுதான் சொல்வார்கள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முன்பே கஃபே டு மோண்டில் இருங்கள். 1862இலிருந்து நடக்கும் கடை. சாப்பிடக் கிடைப்பது ஒரே பண்டம்: பெனியே. சதுரமாக வெட்டிய மாவை எண்ணெயில் பொரித்து, மேலே பொடித்த சர்க்கரையைக் குவியலாகக் கொட்டித் தருவார்கள், ஒரு தட்டுக்கு மூன்று. கடிக்கும்போது மூச்சை இழுக்கவும் கூடாது, விடவும் கூடாது. இழுத்தால் புரை ஏறும், விட்டால் எதிரில் இருப்பவர் வெள்ளையாகிவிடுவார். கறுப்புச் சட்டை அன்றைக்கு வேண்டாம். கூடவே வாங்க வேண்டியது பால் சேர்த்த சிக்கரிக் காபி. பத்து மணிக்கு மேல் போனால் வரிசை தெரு முனை வரை நிற்கும்.

அந்தக் காபியை ஒரு வாய் குடித்ததும் உங்களில் குறைந்தது இரண்டு பேராவது நிமிர்ந்து உட்காருவார்கள். நம் வீட்டு டிகாக்‌ஷன் வாசனை. உள்நாட்டுப் போரில் வடக்குக் கப்பல்படை துறைமுகங்களை முற்றுகையிட்டபோது காபிக்கொட்டைக்குப் பஞ்சம் வந்து, வறுத்த சிக்கரி வேரைக் கலந்து ஒப்பேற்றினார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்தப் பழக்கம் முன்பே உண்டு. பஞ்சம் தீர்ந்த பிறகும் நாக்கு அந்தக் கசப்பை விடவில்லை. அமெரிக்காவின் பிற ஊர்களில் சிக்கரி என்றால் கலப்படம் என்று முகம் சுளிப்பார்கள். கும்பகோணத்துக்காரரும் நியூ ஆர்லியன்ஸ்காரரும் மட்டும் அது இல்லாவிட்டால் காபியில் ஏதோ குறைகிறது என்பார்கள். பொடியை டப்பாவில் விற்கிறார்கள். அதில் நம் ஃபில்டரில் போட்டு எடுத்த டிகாக்‌ஷனுக்கு நான் முழு உத்தரவாதம் தருகிறேன்.

காபி முடிந்ததும் எதிரே ஜாக்சன் சதுக்கம். வெயில் ஏறுவதற்குள் குவார்ட்டரின் உள் தெருக்களில் இலக்கில்லாமல் நடங்கள். 1718இல் பிரெஞ்சுக்காரர்கள் நிறுவிய ஊர் என்றாலும், நீங்கள் பார்க்கும் வீடுகளின் பாணியில் பாதி ஸ்பெயினுடையது. 1788இலும் 1794இலும் வந்த தீ விபத்துகளில் பிரெஞ்சுக் காலத்து மர வீடுகள் பெரும்பாலும் எரிந்துவிட்டன. அப்போது ஆண்டவர்கள் ஸ்பானியர். தெருப் பக்கம் மூடிய சுவர், உள்ளே முற்றம், முற்றத்தில் வாழை மரம். கதவு திறந்திருந்தால் எட்டிப் பாருங்கள், நம் ஊர்த் தொட்டிக்கட்டு வீட்டு ஞாபகம் வரும். சதுக்கத்தை ஒட்டிய கபில்டோ கட்டடத்தில்தான் 1803இல் பிரான்ஸிடமிருந்து அமெரிக்காவுக்கு லூசியானா கைமாறியது. மொத்தப் பேரம் 15 மில்லியன் டாலர்.

சதுக்கத்தைப் பார்த்து நிற்கும் தேவாலயத்தின் மறுபக்கம் உள்ள பிரெஸ்பிடேர் அருங்காட்சியகத்துக்குள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 2005 ஆகஸ்ட் 29 அன்று கேட்ரினா புயல் கரையைத் தொட்டபோது கால்வாய்ச் சுவர்கள் உடைந்து நகரத்தின் 80 சதவீதம் மூழ்கியது. ஊரில் பாதி கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பதால், உள்ளே வந்த தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. வெள்ளத்தில் கிடந்த, இந்த ஊர்ப் பாடகர் ஃபேட்ஸ் டாமினோவின் பியானோவை இங்கே வைத்திருக்கிறார்கள். பேருந்தில் ஏறி அழிந்த தெருக்களை ஜன்னல் வழியே பார்க்கும் சுற்றுலாக்கள் எனக்குப் பிடிக்காது; அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள். தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு இந்த அருங்காட்சியகம் போதும்.

மதியத்துக்குப் போ பாய், உள்ளே கறி அடைத்த நீள ரொட்டி. 1929இல் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முன்பு டிராமில் வேலை பார்த்துப் பிறகு கடை வைத்த மார்ட்டின் சகோதரர்கள், போராடுகிறவர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு போட்டார்கள். அதற்கென நீளமான ரொட்டியாகச் செய்யச் சொல்லி அதை வெட்டி நிரப்பிக் கொடுத்தார்கள். இன்றைக்கும் ரொட்டிதான் உயிர்: மேல் ஓடு நொறுங்கும், உள்ளே பஞ்சாகக் காற்று. வேறு ஊர்களில் இதே பெயரில் தரும் கெட்டி ரொட்டியை நம்பாதீர்கள். பொரித்த இறால் அல்லது சிப்பி ஒன்று, மாட்டுக்கறி ஒன்று. மாட்டுக்கறி என்றால் துண்டு போட்ட கறி இல்லை, மணிக்கணக்கில் வெந்து உதிர்ந்து குழம்பிலேயே கரைந்துபோனது. சட்டையைக் காப்பாற்ற முடியாது. கடைக்காரர் ‘டிரெஸ்டு?’ என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். கீரை, தக்காளி, ஊறுகாய், மயோனைஸ் வைத்துத் தருவார். குவார்ட்டரை விட்டு வெளியே வந்து மிட்-சிட்டியில் பார்க்வே, அல்லது அப்டவுனில் டோமிலிஸஸ். இரண்டும் பழைய கடைகள், இரண்டிலும் வரிசை உண்டு. குவார்ட்டரிலேயே இருக்க வேண்டிய நிலை வந்தால் சிசிலியிலிருந்து குடியேறியவர்கள் 1906இல் உருவாக்கிய மஃபலேட்டா ரொட்டி. ஒன்று வாங்கினால் நான்கு பேருக்கும் காணும்.

சனி மாலை குவார்ட்டருக்குப் பின்புறம் உள்ள ட்ரெமே பகுதி. ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் பெயரில் உள்ள பூங்காவுக்குள் காங்கோ சதுக்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகள் ஒன்றுகூட அனுமதிக்கப்பட்ட இடம். 1817இல் நகர நிர்வாகம் அதை ஒரே இடம் என்று வரையறுத்தது. அங்கே அவர்கள் சந்தை போட்டார்கள், ஆப்பிரிக்க முரசடித்து ஆடினார்கள். பின்னாளில் ஜாஸ் ஆன தாளத்துக்கு வேர் தேடுகிறவர்கள் எல்லோரும் வந்து நிற்பது அந்த மரத்தடியில்தான்.

இதே ட்ரெமே தெருக்களில் நம் துணைக்கண்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பது இங்கே வரும் இந்தியர்களில் பலருக்குத் தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்தின் ஹூக்ளிப் பகுதியிலிருந்து முஸ்லிம் வியாபாரிகள் பட்டு, பூவேலைத் துணி மூட்டைகளோடு வந்து இந்த ஊரைத் தளமாக்கிக்கொண்டு தெற்கு முழுவதும் சுற்றி விற்றார்கள். வெள்ளையர் தெருவில் அவர்களுக்கு வீடு கிடைக்காது. கறுப்பர்களின் தெருவில் குடியேறி, அங்கேயே பெண் எடுத்து, அந்தக் குடும்பங்களுக்குள் கரைந்துபோனார்கள். நம்மவர்கள் கணினி வேலைக்கு வந்து இறங்குவதற்கு நூறு ஆண்டுக்கு முந்தைய கதை.

ட்ரெமேயிலேயே டூக்கி சேஸ். உங்கள் பயணத்தில் ஒரே ஒரு உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்துக்குத்தான் நேரம் என்றால் அது இதுதான். 1941இல் தொடங்கியது. 2019இல் மறைந்த லியா சேஸ் அம்மையார் பல பத்தாண்டுகள் இதன் அடுப்பை ஆண்டார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவது சட்டவிரோதமாக இருந்த காலத்தில், மாடி அறையில் சிவில் உரிமைப் போராளிகள் கூடித் திட்டம் தீட்டினார்கள். மார்ட்டின் லூதர் கிங் சாப்பிட்ட இடம். பராக் ஒபாமா இங்கே வந்தபோது, ருசி பார்ப்பதற்கு முன்பே கம்போ என்ற குழம்பில் மிளகாய்ச் சாறு ஊற்றியதற்காக அம்மையார் அவரையே கண்டித்தாராம். உங்கள் காரப் பிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எல்லா நாளும் எல்லா வேளையும் திறந்திருக்காது. பார்த்து முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

கம்போ பற்றி இரண்டு வார்த்தை. இது குழம்பு, நடுவில் ஒரு கரண்டிச் சோறு. அடித்தளம் ‘ரூ’ எனப்படும் வறுத்த மாவு. எண்ணெயில் மைதாவைப் போட்டு, அடுப்பை விட்டு நகராமல் அரை மணி, முக்கால் மணி கிளற வேண்டும். வெள்ளை, மஞ்சள், வேர்க்கடலைத் தோல் நிறம், பிறகு சாக்லேட் நிறம். அந்தக் கட்டத்தில் கவனம் சிதறி ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தாலும் முழுவதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அதில் வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றும் விழும்போது எழும் வாசனையைத் தெருவில் போகும்போதே கண்டுபிடிக்கலாம். கெட்டியாக்க வெண்டைக்காய், ஆப்பிரிக்கர் கொண்டுவந்தது. அல்லது சாசஃப்ராஸ் இலைப் பொடி, சாக்டா பூர்வகுடிகள் தந்தது. ஒரு கிண்ணத்தில் மூன்று கண்டங்கள். நிறம் வெளுத்து, மாவு வாசனை அடிக்கும் கம்போவைப் பரிமாறும் கடைக்கு இரண்டாம் முறை போகாதீர்கள். அப்படிப்பட்டவை பூர்பன் தெருவில் ஏராளம்.

பூர்பன் தெருவை இருட்டிய பிறகு ஒருமுறை முனையிலிருந்து முனை வரை நடந்து பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பிளாஸ்டிக் கோப்பையில் மதுவோடு தெருவில் நடப்பது இந்த ஊரில் குற்றமில்லை. கண்ணாடிக் கோப்பைதான் கூடாது. அதைக் கொண்டாடுவதற்கென்றே வரும் கூட்டம் அது. பாட்டு கேட்க வந்தவர்கள் குவார்ட்டரின் கீழ்ப்புறம் ஃப்ரெஞ்ச்மென் தெருவுக்குப் போவார்கள். அடுத்தடுத்து மனமகிழ் மன்றங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குழு. ஸ்பாட்டட் கேட் மாதிரி சின்னக் கூடங்களில் டிரம்பெட் ஊதுகிறவரின் மூச்சு உங்கள் மேல் படும். உள்ளே நின்றால் ஒரு பானமாவது வாங்க வேண்டும், வாளி சுற்றி வரும்போது பணம் போட வேண்டும். அந்த வாளிதான் அவர்களுக்குக் கூலி. உட்கார்ந்து அமைதியாகக் கேட்க ஆசைப்பட்டால் 1961இலிருந்து நடக்கும் பிரிசர்வேஷன் ஹால்: மர பெஞ்சு, சுமார் முக்கால் மணி நேரக் கச்சேரி, சாப்பாடு குடி எதுவும் கிடையாது. டிக்கெட் முன்பே வாங்கிவிடுங்கள். எல்லோரும் அடையாள அட்டை வைத்திருங்கள், 21 வயதுக் கணக்கு கண்டிப்பு.

ஞாயிறு காலை செயின்ட் சார்ல்ஸ் டிராம். 1835இல் தொடங்கிய தடம். இடைவிடாமல் ஓடும் தெருரயில்களில் உலகிலேயே பழையது என்பார்கள். பச்சை நிறப் பெட்டி, மர இருக்கை, 1.25 டாலர் கட்டணம். ஜன்னலைத் தூக்கிவிட்டு உட்கார்ந்தால் ஓக் மரங்களுக்கு அடியில் அரை மணி நேரத்துக்கு மேல் ஊரை வேடிக்கை பார்க்கலாம். கார்டன் டிஸ்ட்ரிக்டில் இறங்கி மாளிகைகளைப் பார்த்தபடி ஆற்றுப் பக்கம் நடந்தால் மேகஸின் தெரு. கோடையில் போகிறவர்கள் இன்னும் கீழே இறங்கி டிசுபிடூலஸ் தெருவில் ஹான்சன்ஸ் கடையைத் தேடிப் போகலாம். 1939இலிருந்து இருக்கிறது. அதை நிறுவியவர் தானே செய்த இயந்திரத்தில் ஐஸைப் பூவாகச் சீவி, சர்க்கரைப் பாகும் சுண்டிய பாலும் ஊற்றித் தருகிறார்கள்.

மதியம் ‘செகண்ட் லைன்’ ஊர்வலம் இருக்கிறதா என்று டபிள்யூடபிள்யூஓஇசட் வானொலியின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இலையுதிர் காலம் முதல் கோடை தொடக்கம் வரை பெரும்பாலான ஞாயிறுகளில் உண்டு. கறுப்பர் சங்கங்கள் ஆண்டுக்கு ஒருமுறை தங்கள் தெருவில் எடுக்கும் ஊர்வலம்; முன்னால் சங்கத்தார் பட்டு உடையில், அடுத்து பித்தளை வாத்தியக் குழு, அதன் பின்னே யார் வேண்டுமானாலும் ஆடிக்கொண்டே போகலாம். டிக்கெட் கிடையாது. தெருவோரம் வண்டி போட்டு யாக்கமெய்ன் விற்பார்கள்: மாட்டுக்கறிச் சாறு, நூடுல்ஸ், நன்றாக அவித்துப் பாதியாக வெட்டிய முட்டை, வெங்காயத்தாள். முந்தைய இரவு அளவு மீறியவருக்கு ஊரார் பரிந்துரைக்கும் மருந்து. படம் எடுப்பதில் நிதானம் தேவை. அவர்கள் நமக்காக ஆடவில்லை.

இரண்டாம் உலகப் போர் அருங்காட்சியகம் அருமையானது. நார்மண்டியில் படைகள் இறங்கிய ஹிக்கின்ஸ் படகுகள் இந்த ஊரில் செய்யப்பட்டவை என்பதால் அது இங்கே அமைந்தது. ஆனால் அதற்கு ஒரு முழு நாள் வேண்டும், இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். செயின்ட் லூயிஸ் முதல் கல்லறைத் தோட்டத்துக்கு 2015இலிருந்து உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் போக முடியும். 1789இல் தொடங்கிய இடம். கல்லறைகள் பெரும்பாலும் தரைக்கு மேலே. ரயிலில் வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்து இனப் பிரிவினைச் சட்டத்தை எதிர்த்த ஹோமர் பிளெஸ்ஸி அங்கே இருக்கிறார். ஆர்வம் இருந்தால் ஒரு மணி நேரம் செலவிடலாம்.

இனி உங்கள் சைவ நண்பர். அவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. இங்கே காய்கறி என்று எழுதியிருப்பதும் சைவமாக இருக்காது. கீரையில் பன்றி எலும்பு கிடக்கும், சிவப்பு பீன்ஸில் ஹாம் என்ற பன்றித் தொடைக்கறி கிடக்கும், கம்போவின் சாறு கோழி அல்லது இறால் தலையில் எடுத்தது. ‘இறைச்சி இல்லையே?’ என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள், மனதறிந்து பொய் சொல்ல மாட்டார்கள். எலும்பை இறைச்சிக் கணக்கில் சேர்க்கும் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். எந்தச் சாற்றில் வேகவைத்தது என்று கேளுங்கள். 1975க்குப் பிறகு வந்து குடியேறிய வியட்நாமியர்கள் இந்த ஊருக்குக் கொடுத்த கொடை பெரிது. நியூ ஆர்லியன்ஸின் கிழக்குப் பகுதியில் டோங் ஃபுவோங் அடுமனையில் டோஃபு வைத்த பான் மீ ரொட்டி கிடைக்கும், மீன் சாறு வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். மேகஸின் தெருவில் சாஃப்ரன் என்ற இந்திய உணவகம் லூசியானாப் பொருள்களோடு நம் மசாலாவைச் சேர்த்துச் சமைக்கிறது. ஞாயிறு டிராம் பயணத்தோடு அந்தத் தெருவைச் சேர்த்துக்கொள்ளலாம். உருளைக்கிழங்கு வறுவல் வைத்த போ பாயும் உண்டு, குழம்பும் முட்டை சேர்ந்த மயோனைஸும் இல்லாமல் கேட்டால் சைவம். காலையில் பெனியே இருக்கவே இருக்கிறது. பட்டினி கிடக்க மாட்டார், ஆனால் மற்ற மூவரும் வரிசையில் நிற்கும்போது அவர் கையில் ஏதாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது என்று நீங்கள் சொல்லவில்லை. மார்ச், ஏப்ரல் உத்தமம். மார்டி கிரா திருவிழா நாட்களில் தங்குமிடம் யானை விலை. ஜூலை, ஆகஸ்டில் சென்னை வெயிலைக் கண்டவர்களும் திணறுவார்கள்; புயல் பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை என்பதால் வானிலை அறிக்கையையும் ஒரு கண் பாருங்கள். உணவகங்களில் 20 சதவீதம் டிப்ஸ் என்று கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

திங்கள் காலை சீக்கிரம் கிளம்பி, சுமார் ஒரு மணி நேரத்தில் உள்ள விட்னி பண்ணைக்குப் போங்கள். திறந்திருக்கும் நாளா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஆற்றோரம் பல தோட்ட மாளிகைகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் முதலாளியின் சரவிளக்கைக் காட்டுவார்கள், திருமணத்துக்கு வாடகைக்கு விடுவார்கள். விட்னி 2014இல் அருங்காட்சியகமாகத் திறந்தபோதே, அங்கே கரும்பு வெட்டிய அடிமைகளின் பக்கத்திலிருந்து மட்டும் பேசுவது என்று முடிவெடுத்தது. பெயர்கள் பொறித்த சுவர்களுக்கு முன்னால் நேரம் போவது தெரியாது. மதியத்துக்குள் வெளியே வந்தால் பேட்டன் ரூஜ் நெரிசலுக்கு முன் ஆற்றைக் கடந்துவிடலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு லஃபாயெட் பக்கம் ‘பிளேட் லஞ்ச்’ போடும் சாதாரணக் கடை ஒன்றில் நில்லுங்கள். லூசியானாவில் திங்கள் என்றால் சிவப்பு பீன்ஸும் சோறும். நம் கணக்கில் ராஜ்மா. திங்கள்கிழமை துணி துவைக்கும் நாள். ஞாயிறு மிஞ்சிய ஹாம் எலும்போடு பீன்ஸை அடுப்பில் ஏற்றிவிட்டுத் துவைக்கப் போனால் சாயங்காலம் வரை அது பாட்டுக்கு வேகும். துவைக்கும் இயந்திரம் வந்து எத்தனையோ காலம் ஆகியும் திங்கள் பீன்ஸ் மாறவில்லை. லூயி ஆம்ஸ்ட்ராங் தன் கடிதங்களை இந்தச் சாப்பாட்டின் பெயரைச் சொல்லித்தான் முடிப்பார்.

பிறகு ஸ்காட்டில் ஒரு ஐந்து நிமிடம். உறைந்த பூடான் பொட்டலமாக விற்பார்கள், ஹூஸ்டன் வரை தாங்க ஐஸ் வேண்டும். வெள்ளிக்கிழமை கிளம்பும்போதே ஐஸ் பெட்டி ஒன்றைக் காலியாகக் காரில் ஏற்றிவிடுங்கள். ஐஸை அந்தக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.